மன்னார்குடி மீத்தேன்: ஒரு மாணவிக்குக் கடிதம்



மக்களின் சுற்றுச்சூழல் அக்கறை ஒரு நிறுவனத்தின் திட்டத்தை எப்படித் திசை திருப்பும் என்பதற்கு மன்னார்குடியே தெளிவான சான்று. கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம், காவிரி டெல்டாவின் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பதற்காக 2010 ஜூலையில் மத்திய அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

நிலக்கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கிடக்கும் எரிவாயுவே படுகை மீத்தேன். நீரின் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருப்பதால், அந்த நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு மேலே வரும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியே குறுவை நெல்லுக்கு நாற்று விடும் விவசாயிக்கு, நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளும் தொழில் எதில் போய் முடியும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நன்னீர் இறங்கினால் உப்புநீர் ஏறும் என்பதைக் கடலோர ஊர்கள் முன்பே அறிந்திருந்தன. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இந்த அச்சத்துக்கு அறிவியல் மொழி தந்தார். திட்டத்தை எதிர்த்த பரப்புரைக் காலத்திலேயே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அவ்வாண்டு ஜூலையிலேயே திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்திருந்த மாநில அரசு, 2015-இல் டெல்டாவில் மீத்தேன் திட்டத்துக்கு இடமில்லை என்று அறிவித்தது.

சோப்பு விற்கும் நிறுவனம் வாங்குபவரின் மனக்கசப்புக்கு அஞ்சும். எரிவாயு நிறுவனத்துக்கோ நெல் விவசாயி வாடிக்கையாளர் அல்லர். ஆகவே டெல்டாவின் அக்கறை கடைவீதி வழியாக அன்றி, கிராமசபைத் தீர்மானம், மறியல், சட்டமன்றம் என்ற வழியாகவே நிறுவனத்தைச் சென்றடைந்தது. உரிமம் கையில் இருந்தும் ஊர் இசையாவிட்டால் தொழில் நடக்காது என்னும் இந்த நிலையை மேலாண்மை நூல்கள் சமூக ஒப்புதல் என்கின்றன. அது கிடைக்காதபோது தாமதமும் முடங்கிய முதலீடும் இழப்புக் கணக்கில் ஏறுவதால், நிறுவனங்கள் அதை முன்கூட்டியே எடைபோடத் தொடங்குகின்றன. பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருப்பது நல்லதே; எனினும், அறிக்கை மட்டும் எந்தத் துளையிடும் எந்திரத்தையும் திருப்பி அனுப்பியதில்லை.

டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அந்த அக்கறைக்கு நிலையான வடிவம் தந்தது. 2023 ஏப்ரலில் டெல்டாவின் வடசேரி உள்ளிட்ட மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து எதிர்ப்பு எழுந்தபோது, மத்திய அரசு சில நாட்களிலேயே அவற்றை நீக்கியது. ஆனால், சட்டம் வருமுன் இயங்கிவந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. அவை வயல்களுக்கு நடுவே இன்றும் இயங்குகின்றன.