நெல்வண்டியின் மூச்சு

பாரவண்டி டீசலைக் குடித்து ஓடுகின்றது என யாவரும் கூறுவர். அது குடிப்பதினும் மூச்சாக உட்கொள்வதே பெரிது என்பதைக் கருதுவோர் சிலரே. ஒரு லிட்டர் டீசல் முற்றும் எரிதற்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் காற்று வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அது 10,000 லிட்டருக்கும் மேற்பட்ட கன அளவாகும். தெருவிற் செல்லும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று கொள்ளுமளவு அது. டீசல் இயந்திரமோ அவ்வளவோடு அமையாது; புகையின்றி எரியும்பொருட்டு அதனினும் மிகுதியாகவே இழுக்கும். ஆகலின் காற்றுப் புகும் வழியைத் திருத்துதல் அவ்வியந்திரத்தின் வாழ்நாளைத் தொடும் வினையாம்.

தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் அமைந்தது பூதலூர். குறுவை அறுவடையாகும் புரட்டாசி ஐப்பசியிலும், சம்பா அறுவடையாகும் தை மாசியிலும், களத்துமேடுகளினின்று நெல் கொள்முதல் நிலையங்கட்கு மூட்டை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளை அப்பக்கத்துச் சாலைகளில் காணலாம். தவணைக் கடனில் வண்டி வாங்கியவர்க்கு இவ்விரு பருவங்களே பிழைப்பு. அவருட் சிலர், இன்னும் சற்று வலிவாக வண்டி இழுத்தல் வேண்டுமென விரும்பி, தொழிற்சாலையார் அமைத்த மூடிய காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவான திறந்த வடிகட்டியைப் பொருத்துகின்றனர். பட்டறையார் இதனை ‘ஓப்பன் பில்டர்’ என்பர். இதனால் விளைவது யாது என ஆராய்வோம்.

முதற்கண், வலிமை கூடுகின்றதா? பெட்ரோல் இயந்திரத்தில் காற்றின் வழியை ஒரு தட்டுத் திறந்தும் அடைத்தும் வேகத்தை ஆள்கின்றது. டீசல் இயந்திரத்திலோ வேகத்தை ஆள்வது தெளிக்கப்படும் எரிபொருளின் அளவே. காற்று பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியே உள்ளது. போதிய உணவிட்டவன் இலையில் மேலும் சோற்றைக் குவித்தாற்போல, மிகுதிக் காற்றால் பயன் சிறிதே. பின்னர் ஓட்டுநர் உணரும் வேறுபாடு யாதெனின், ஓசையே என்க. மூடிய பெட்டி அடக்கி வைத்திருந்த உறிஞ்சொலி திறந்தவுடன் செவியில் விழ, செவி அதனை வலிவென மனத்திற்கு உரைத்துவிடுகின்றது. இன்னும் ஒரு கேடு: திறந்த வடிகட்டி இயந்திரத்தின் பக்கத்து அனற்காற்றையே இழுக்கும். 35 பாகையிலுள்ள வெளிக்காற்றுக்கு ஈடாக 60 பாகைக் காற்றைப் பெறின், அதே கன அளவில் காற்றின் எடை நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு குறையும். மூச்சை அகலமாக்க முனைந்தவர் மெலிந்த மூச்சையே பெறுகின்றார்.

அஃதும் பொறுக்கலாம், தூசியைப் பொறுக்கலாகாது. 2,523 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பொலேரோ பிக்கப் போன்ற வண்டியின் இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழலுங்கால், டர்போவின் அழுத்தத்தைக் கணக்கிடாவிடினும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 லிட்டரும், ஒரு மணி நேரத்தில் 1,50,000 லிட்டரும் காற்றை விழுங்கும். அறுவடை நாளில் அக்காற்று எத்தகையது? வண்டித்தடத்து மண், வைக்கோற்றூள், நெல்லின் சுணை ஆகிய மூன்றும் கலந்தது. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா, அஃதாவது மணலின் சத்தே. கடினத்தை அளக்கும் மோ அளவையில் மணற்கல் 7 எனின், தூய இரும்பு 4 அளவினதே. கண்ணுக்குப் புலனாகாத இத்துகள் பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே புகுந்து அரம்போல் அராவும். பின்பு எண்ணெய் மேலேறி எரியும். நீலப் புகை தோன்றும். கரும்புகை காற்றுக் குறைந்ததன் அறிகுறியாகலாம். நீலப்புகையோ தேய்மானத்தின் அறிகுறி. முன்னதற்கு வடிகட்டியை மாற்றினாற் போதியதாகலாம். பின்னதற்கு இயந்திரத்தையே பிரித்தல் வேண்டும். அறுவடை நடுவே அது நேரின் அப்பருவத்தின் வருவாய் அடியோடு போயிற்று.

அவ்வாறாயின் உண்மையான மேம்பாடு யாது? காற்றைக் கொல்லன் துருத்திபோல் அழுத்தி ஊட்டுதலே. இதுவே டர்போ. கழிவுப்புகையின் விசையாலேயே காற்றை அழுத்தும் இம்முறைக்குச் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பியூசி என்பார் 1905 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். காற்றையே ஏவல்கொண்ட சோழர் முன்னோன் ஒருவனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் கரிகாலனுக்குச் சொல்லிக் காட்டினார். கல்லணைக்கு அணித்தாகிய பூதலூரில், உள்ளங்கையில் அடங்கும் சக்கரமொன்று நிமிடத்திற்கு இலக்கம் சுற்றுக்கு மேற் சுழன்று அவ்வேவலைச் செய்விப்பதைக் காணுந்தோறும், தமிழ் பயிலும் எமக்கு அப்பாட்டே நினைவில் எழுகின்றது. 2005 ஆம் ஆண்டில் வந்த டாட்டா ஏஸ் டர்போ இன்றி 702 கன சென்டிமீட்டரில் 16 குதிரைத்திறன் தந்தது. 2011 இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் டர்போவுடன் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரில் 55 தந்தது. கொள்ளளவு இருமடங்கு சிறிது மிஞ்ச, திறன் மும்மடங்கைக் கடந்தது. எரிபொருள் தெளிக்கும் முறை திருந்தியதும் இதற்கு ஒரு காரணமே.

அழுத்தப்பட்ட காற்றுச் சூடேறும். இருமடங்கு அழுத்தினால் 100 பாகையைக் கடத்தல் உறுதி. அதனைக் குளிர்விப்பது இண்டர்கூலர். அதன் துடுப்புகளிற் சுணை அடைந்துகொள்ளாதபடி மென்னீரால் கழுவுதல், புதுக்கருவி எதனையும் வாங்குவதினும் நற்பயன் தரும். டர்போ இல்லாத பழைய இயந்திரத்தில் அதனைத் தனியே பொருத்துவோரும் உளர். எம் கருத்தில் அது தகாது. பிஸ்டனும் எண்ணெய் வழியும் குளிர்ச்சியும் அச்சுமைக்கென ஆக்கப்பட்டனவல்ல. 2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை வண்டிகளிலோ, உட்புகும் காற்றை உணர்கருவிகள் அளந்து கணினிக்கு உரைக்கின்றன. எண்ணெய் தோய்த்த துணி வடிகட்டியில் எண்ணெய் மிகின், அது கருவியின் நுண்கம்பியிற் படிந்து கணக்கைப் பிறழச் செய்தலும் கூடும்.

எனவே களத்துமேட்டு வண்டிக்குச் செய்யத்தக்கவை எளியனவே. காகித வடிகட்டியின் ரப்பர் விளிம்பு பெட்டியிற் செவ்வனே பதிதல் வேண்டும். குழாய் இணைப்பின் கிளாம்புகள் தளராதிருத்தல் வேண்டும். வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை வெண்துணியால் துடைத்துப் பார்க்க. அழுக்கு ஒட்டின் எங்கோ கசிவு உளது. அழுத்தக்காற்றைக் காகிதத்தின்மேல் அருகிற் பீச்சுதல் கூடாது. கிழிந்த நுண்டுளை கண்ணிற் படாது. காகிதத்திற்கு முன்னரே பெருந்தூசியைச் சுழற்றித் தள்ளும் முன்வடிகட்டி டிராக்டர்களில் உளது. அதனையொத்த ஒன்றைக் காற்றளவு குறையாவண்ணம் சேர்த்து, உறிஞ்சும் வாயைச் சக்கரப் புழுதிக்கு மேலே உயர்த்தி வைப்பதே இவ்வூர்க்கு ஏற்ற திருத்தம் என்போம்.

உயர்த்துதற்கு மழையும் ஒரு காரணம். ஐப்பசி கார்த்திகையில் தாழ்ந்த சாலையில் நீர் தேங்குங்கால், வாய் தாழ்ந்திருப்பின் இயந்திரம் நீரை உறிஞ்சிவிடும். காற்றுப்போல் நீர் சுருங்காது. மேலேறும் பிஸ்டன் அதனை முட்டித் தண்டு வளையும். நீரிடை நின்றுபோன வண்டியைக் கரைக்குத் தள்ளி, காற்றுப்பெட்டியைத் திறந்து, வடிகட்டி நனைந்துளதா என நோக்குதற்கு முன் சாவியைத் திருப்பலாகாது.