நின்று காணும் மலையூர்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கோடைக்கானலை ஒரே நாளில் ஓடிப் பார்த்துத் திரும்புவோர் பலர். நாயுடுபுரத்தில் இரண்டு நாள் தங்கி நடப்போர்க்கோ அவ்வூரின் வரலாறு விரிகிறது.

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் இங்கு முதல் இல்லங்களைக் கட்டினர். இயற்கையானதென எண்ணத் தோன்றும் ஏரி, 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சின் முயற்சியால் உருவாக்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வளிமங்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இவ்வூர் ஆய்வகத்தில்தான். 1936இல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலோ, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் பூவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உணவும் வரலாறே. தினையும் தேனும் குறிஞ்சித்திணையின் பழைய உணவுகள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இன்றைய குழம்பில் மணக்கிறது. அமர்ந்து, சுவைத்து, உழவரிடம் விளைச்சல் பற்றிக் கேட்டு உண்பதும் கல்வியாகும்.

வாகனப் பெருக்கத்தால் மலை திணறவே, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. எனினும் மலையைக் காப்பது சீட்டு மட்டுமன்று. செல்வோரின் நிதானமும் பொறுப்புமே ஆகும்.