முடிவு தெரிஞ்ச கதைக்கு ஏன் காத்திருக்கோம்?

ஒரு சின்ன டெஸ்ட். தொடர்கதையோட முதல் அத்தியாயத்திலேயே அவனும் அவளும் முறைச்சுக்கிறாங்க. முடிவு என்ன? உங்களுக்கே தெரியும். அப்புறம் எதுக்கு 100 அத்தியாயம் படிக்கிறோம்?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது காட்டுப்பள்ளியில, எங்க ஆயா வீட்டுல. அவங்க டிரங்குப் பெட்டியில ஒரு பைண்டிங் புத்தகம் இருக்கு. வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழிச்சு, சேர்த்துத் தைச்சது. அந்தக் காலத்துல நிறைய வீடுகள்ல இந்தப் பழக்கம் இருந்தது. முன்பக்கம் போயிட்டதால கதை பேர் தெரியல. ஆயாவுக்கு இப்போ கண் மங்கல். "நீ படி, நான் கேக்குறேன்"னாங்க. நான் இங்கிலீஷ் மீடியம். எழுத்துக் கூட்டித்தான் ஆரம்பிச்சேன்.

படிக்கப் படிக்க மூணு காரணம் புரிஞ்சது.

1. கேள்வியே வேற

காதல் கதையில 'என்ன ஆகும்' முக்கியம் இல்ல, 'எப்படி ஆகும்' தான் முக்கியம். ரமணிசந்திரன் 150-க்கும் மேல நாவல் எழுதியிருக்காங்க. கடைசியில சேருவாங்கன்னு தெரிஞ்சேதான் வாசகர்கள் அடுத்ததை வாங்கினாங்க. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடன்ல எழுதின 'தில்லானா மோகனாம்பாள்' பாருங்க. சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் பிரிக்க வெளியாள் பலர் முயற்சி பண்றாங்க. ஆனா பெரிய தடை அவங்க ரோஷம்தான். ரோஷம் ஒரே வாரத்துல கரையாது. அதுக்கு நீளம் வேணும்.

2. பக்கத்துப் பாத்திரங்கள்

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழ்ல 1950 முதல் 1954 வரை வந்தது. அவ்வளவு நாள் கூடவே இருந்தா, வந்தியத்தேவன், குந்தவை மட்டும் இல்ல, கோடிக்கரையில படகு ஓட்டுற பூங்குழலியும் நம்ம ஊர்க்காரி மாதிரி ஆயிடுறா. கடலோரத்து வாசகிக்குக் கேக்கவே வேணாம்!

3. நடுவுல வர்ற ஆறு நாள்

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல, எந்த நாள், யார் வலை போடணும்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஆனா அது வீண் நாள் இல்ல, வலையைச் சரி பண்ற நாள். தொடர்கதைக்கும் அப்படித்தான். ஒரு புத்தகம் பல வீடு சுத்தும். மீதி நாள் எல்லாம் பேச்சு.

இதை நான் கண்ணால பார்த்தேன். பைண்டிங்ல ஒரு வாரத்துப் பக்கம் இல்ல. நான் நிறுத்தினேன். ஆயா நிறுத்தல. அந்த வாரக் கதையை அவங்களே சொன்னாங்க. பக்கத்து வீட்டு ஆயா, "இல்லடி, அவ அன்னைக்குக் கடிதாசியைக் கிழிக்கல"ன்னு சண்டைக்கு வந்தாங்க. கதை வந்து நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!

இப்போ பிரதிலிபி மாதிரி ஆப்ல தொடர் படிக்கிறோம். ராத்திரி ஒண்ணா 60 பாகம் முடிச்சிருக்கேன். அடுத்த வாரம் நாயகி பேர் கேட்டா எனக்கு ஞாபகம் இல்ல. கதை மேல குறை சொல்லல. நடுவுல இருந்த ஆறு நாளை நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்.

அதனால ஒரு ஹோம்வொர்க். ஒரு தொடரை எடுங்க. வாரம் ஒரு அத்தியாயம்தான், ரூம்மேட்டோட சேர்ந்து. அடுத்து என்னன்னு சண்டை போடுங்க. லீவுக்கு ஊருக்குப் போனா, வீட்டுப் பெட்டியில பழைய பைண்டிங் இருக்கான்னு கேளுங்க. இருந்தா சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.

எங்க புத்தகத்துல இன்னும் 11 வாரம் பாக்கி. இப்போ நான் எழுத்துக் கூட்டுறதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு ஒரு அத்தியாயம்தான். அதுக்கு மேல படிக்க ஆயா விடமாட்டேங்குறாங்க.