ஜேஇஇ கணிதத் தாள்: விடையை யாரோடு, எப்போது ஒப்பிடுவது?

ஜேஇஇ மெயின் எழுதி வெளியே வந்ததும் நண்பரிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘அந்தக் கணக்குக்கு உனக்கு என்ன வந்தது?’ என்பதுதான். கேட்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்து மதிப்பெண் கணக்குப் போடாதீர்கள்.

முதலில் ஷிஃப்டைப் பாருங்கள். காலையில் எழுதியவருக்கும் மதியம் எழுதியவருக்கும் வினாத்தாளே வேறு. ஒரே ஷிஃப்டாக இருந்தாலும் கேள்விகளின் வரிசையும் தெரிவுகளின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். உங்கள் திரையில் இரண்டாவதாக இருந்த விடை அவர் திரையில் நான்காவதாக இருந்திருக்கலாம். ‘நான் பி போட்டேன், நீ டி போட்டாயா?’ என்று பதறுவதில் பொருளே இல்லை. ரஃப் தாளையும் மையத்திலேயே வாங்கிக்கொள்வதால், இருவரும் பேசுவது முழுக்க நினைவிலிருந்துதான்.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் விடையை விட்டுவிட்டு வழியைக் கேளுங்கள். x² − 5|x| + 6 = 0 என்ற சமன்பாட்டுக்கு எத்தனை மெய்த் தீர்வுகள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 4 என்பார். வழியைச் சொல்லச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்: |x| என்பது 2 அல்லது 3 என்பதோடு முதலாமவர் நிறுத்திவிட்டார். −2, −3 இரண்டும் தீர்வுகளே, ஆகவே 4தான் சரி. பத்துப் பேரைக் கேட்டு ஏழு பேர் 2 என்று சொன்னாலும் அது சரியாகிவிடாது. நிதானமாகப் பேசக்கூடிய ஒரே ஒரு நண்பர் போதும். அன்று மாலையே, சந்தேகமாக விட்டுவந்த கணக்குகளை எப்படி அணுகினீர்கள் என்று நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். சில நாள் கழிந்தால் அது மறந்துபோகும்.

உண்மையான ஒப்பீடு, தேசியத் தேர்வு முகமை உங்கள் ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் தற்காலிக ஆன்சர் கீயையும் வெளியிடும்போதுதான் தொடங்குகிறது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரெஸ்பான்ஸ் ஷீட்டில் நீங்கள் தேர்ந்தது ‘2’ என்று இருக்கும். கீயிலோ நீளமான ஐடி எண் இருக்கும். உங்கள் தாளில் இரண்டாவது தெரிவுக்கு என்ன ஐடி என்று பார்த்து, அதைத்தான் கீயோடு ஒப்பிட வேண்டும். எண்ணாக விடை எழுதும் 5 கேள்விகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சரிக்கு 4, தவறுக்கு −1. இப்போது எண் விடைக் கேள்விகளுக்கும் நெகட்டிவ் மார்க் உண்டு. கணிதத்தின் 25 கேள்விகளில் 14 சரி, 6 தவறு என்றால் 56 − 6 = 50.

கீயே தவறு என்று தோன்றினால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். பணம் திரும்ப வராது, அவகாசமும் சில நாள்கள்தான். ஆத்திரத்தில் பத்துக் கேள்விகளுக்குக் கட்டாதீர்கள். ஆசிரியர் ஒருவரிடம் முழுத் தீர்வையும் காட்டி, அவரும் ஒப்புக்கொண்டால் கட்டுங்கள். ஏற்கப்படும் திருத்தம் உங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்வியை எழுதிய எல்லாருக்கும் பொருந்தும். கேள்வியையே நீக்கிவிட்டால் அதைத் தொடாதவருக்கும் 4 மதிப்பெண் உண்டு. இறுதிக் கீ வந்தபின் முறையிட வழியில்லை.

மூன்று பாடங்களின் மொத்த மதிப்பெண் தெரிந்தபின் ‘அவனுக்கு 180, எனக்கு 160’ என்று மனம் உடைய வேண்டாம். தரவரிசையை முடிவுசெய்வது ஷிஃப்ட் வாரியாகக் கணக்கிடும் பெர்சன்டைல். கடினமான ஷிஃப்டில் எடுத்த 160, எளிய ஷிஃப்டின் 180ஐ முந்தலாம். மொத்தத்தில் இருவர் சமமாக இருந்தால் முதலில் பார்ப்பது கணிதப் பெர்சன்டைலைத்தான்.

தவறான கணக்குகளைக் கருத்தே தெரியாதவை, தெரிந்தும் வழுக்கியவை, நேரமில்லாமல் ஊகித்தவை என மூன்றாகப் பிரியுங்கள். என் அனுபவத்தில் மாணவர்கள் எல்லாவற்றையும் ‘சில்லி மிஸ்டேக்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சமாதானம்தான் அடுத்த தேர்வில் அதே இடத்தில் தடுக்கிவிடுகிறது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: மையத்தின் வாசலில் ‘எவ்வளவு வரும்?’ என்று கேட்காதீர்கள், சாப்பிட அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஜனவரித் தேர்வு முடிந்ததும் மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு வருகிறது. இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். 200க்கான கட்ஆஃபில் 100 கணிதத்துக்கே. அணிகள், கலப்பெண்கள், வெக்டர் ஆகியவை இரண்டு பாடத்திட்டத்திலும் இருப்பதால், ‘கருத்து தெரியவில்லை’ என்று குறித்தவற்றில் இவற்றை முதலில் எடுங்கள். பொதுத்தேர்வுக்குப் படித்ததாகவும் ஆகும், ஏப்ரல் ஜேஇஇக்குத் தயாரானதாகவும் ஆகும். ஏப்ரலிலும் எழுதினால் இரண்டில் உயர்ந்த பெர்சன்டைலைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.