நாள் முழுக்க நடக்கிறவருக்கு இன்னொரு நடை எதற்கு?

உடல்நலப் பகுதி



"காலையில பெரட்டுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் நடைதான். இதுக்கு மேல என்னங்க நடை? காலு ரெண்டும் கெஞ்சுது!"

உடல்நலத்துக்காக நடங்கள் என்று யார் சொன்னாலும் நம் தோட்டங்களில் உடனே வருகிற பதில் இதுதான். நியாயமான பதில். இதைத் தள்ளிவிட்டு மேலே பேச முடியாது. ஆகவே இந்தப் பாடத்தில் முதலில் இதற்கே விடை தேடுவோம். பிறகு குடும்பத்தோடு மெதுவாக நடந்து வர ஏற்ற ஒரு காட்டையும் பார்த்து வருவோம். நாமே நட்டது போன்ற ஒரு காடு அது.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் இருபத்தெட்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்தவர். வேலை நின்றதும் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாலாவது மாடி. ஏறி இறங்க மின்தூக்கி. "காலம் பூரா நடந்தாச்சு, இனிமே உட்காரட்டும்" என்று நாற்காலியை டிவிக்கு எதிரே போட்டுக் கொடுத்தோம். அதை அன்பு என்று நினைத்தோம்.

மூன்றாம் ஆண்டு இனிப்பு நீர் என்றார்கள். ஐந்தாம் ஆண்டு காலில் ஒரு கொப்புளம். வலிக்கவில்லை, அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு விரலை எடுத்த பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "நடக்கிறதை எப்போம்மா நிறுத்தினீங்க?"

தோழர்களே, அந்தக் கேள்வியில்தான் நம் பாடம் இருக்கிறது.

வேலை நடையும் உடல்நடையும்

உண்மையைச் சொல்ல வேண்டும். வேலைக்காக நடப்பதும் நடைதான். அது உடம்புக்குக் கணக்கில் சேரும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர், பழம் பொறுக்குகிறவர், உரம் போடுகிறவர் எல்லாரும் போதுமான அளவு நடக்கிறார்கள். ஆனால் அந்த நடையில் சுமை இருக்கிறது. ஒரு பக்கத் தோள் தாங்குகிறது, மறுபக்கம் சும்மா இருக்கிறது. குலை பார்த்து அண்ணாந்த கழுத்து, பழம் பொறுக்கக் குனிந்த முதுகு, எத்தனை குலை, எத்தனை கிலோ என்று கணக்குப் போடும் மனம். கால் நடந்தாலும் உடம்பு தளர்வதில்லை, மனம் ஓய்வதில்லை. இவருக்கு வாரம் ஒரு நாளாவது சுமையில்லாமல், கணக்கில்லாமல், கையை வீசி நடக்கும் நடை தேவை. உழைப்பு போதாது என்பதால் இதைச் சொல்லவில்லை. உழைத்த உடம்பு நிமிர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிராக்டர் ஓட்டுபவர், காவல் பார்ப்பவர், ஆலையில் நிற்பவர், வேலை ஓய்வு பெற்றவர், வீட்டோடு இருக்கும் தாய்மார் ஆகியோரின் நிலை வேறு. இவர்களுக்கு நடையே குறைந்துவிட்டது. சாப்பாடு மட்டும் அந்தக் காலத்துச் சாப்பாடு: தட்டு நிறையச் சோறு, சீனி தூக்கலாகத் தேத்தண்ணி, காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாய். மரம் வெட்டிய காலத்தில் அதையெல்லாம் கால் எரித்தது. இப்போது யார் எரிப்பது?

2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 100 பேரில் ஏறக்குறைய 31 பேர். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் மூவர் உட்கார்ந்திருந்தால், அதில் ஒருவர்.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் வேலை செய்யத் தொடங்கியதும், இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. சாதாரணமாகச் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் என்ற சாவி வேண்டும். நடக்கும் தசை அந்தச் சாவி சரியாகத் திறக்காவிட்டாலும் வேறு வழியாகக் கதவைத் திறந்துகொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறுவது குறைகிறது. இரத்தக் கொதிப்புக்கும் இதே நடை நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதாவது நாளுக்கு 30 நிமிடமாக 5 நாள்.

ஏன் காட்டில்?

"ரோட்டுல நடந்தா ஆகாதா?" ஆகும், தாராளமாக ஆகும். ஆனால் வெயிலில் தார் ரோட்டில் நடப்பவர் இரண்டாம் வாரம் நின்றுவிடுகிறார். நிழலில் நடப்பவர் தொடர்ந்து நடக்கிறார். மரத்துக்கு வேறு ஒரு குணமும் உண்டு. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப்பேரின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றப் பாதிப்பேருக்கு வெறும் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் வெளியான ஆய்வு இது. படுத்துக்கொண்டு பார்த்தவருக்கே இந்த நன்மை என்றால், நடுவிலே நடப்பவருக்கு?

கெப்போங் காடு

கோலாலம்பூருக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தூரத்தில், சிலாங்கூர் கெப்போங்கில் இருக்கிறது மலேசிய வன ஆய்வுக் கழகம். சுருக்கமாக 'ஃப்ரிம்' என்பார்கள். அதைச் சுற்றி 500 ஹெக்டருக்கு மேல், அதாவது 1200 ஏக்கருக்கு மேல், அடர்ந்த காடு. உள்ளே போனால் ஆதி காலத்துக் காடு என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, இது கையால் நட்ட காடு!

நூறு ஆண்டுக்கு முன்பு அந்த இடம் ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போட்ட பாழ்நிலம். மணல், குட்டை, புதர், இடையிடையே காய்கறித் தோட்டம். 1926இல் ஃபாக்ஸ்வொர்த்தி என்ற வன ஆய்வாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். "இதுலயா காடு வளரும்?" என்று பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள். கன்றுகள் நட்டார்கள். 1929இல் ஆய்வு நிலையம் எழுந்தது. நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்து காட்டை அழித்து ரப்பர் நட்ட அதே காலத்தில், அங்கே அழிந்த நிலத்தில் காட்டை நட்டார்கள். 2012இல் அது தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பாழான நிலத்தை மறுபடி காடாக்கியதற்குக் கிடைத்த பெருமை அது.

அங்கே பார்க்க வேண்டிய மரம் காப்பூர். ஒரு காப்பூர்த் தோப்பின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் வாய்க்கால் போல வானம் தெரியும். கெப்போங் காப்பூர் மரங்களை ஆராய்ந்து பிரான்சிஸ் எங் என்ற நம் நாட்டு அறிஞர் 1977இல் எழுதினார். கிளை நுனிகள் உரசித் தேய்ந்த அடையாளம் இல்லை, பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து நுனி தானாக நின்றுவிடலாம் என்பது அவர் கருத்து.

இந்த மரத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பச்சைக் கற்பூரம் அந்நாளில் இந்த இன மரத்திலிருந்துதான் வந்தது. சுமத்ராவின் பாரூஸ் பகுதி அதற்குப் பேர்போனது. அங்கே ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். மரத்தில் இருக்கும் இலையைப் பறிக்க வேண்டாம்.

எப்படி நடப்பது?

முதல் தடவை போகிறவர்கள் மலைப் பக்கம் ஏற வேண்டாம். உள்ளேயே தார் போட்ட நிழல் வழிகள் இருக்கின்றன. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் அதிலே போகலாம். அது பழகிய பிறகு கெருயிங் பாதை, எங்காபாங் பாதை போன்ற காட்டு வழிகள். இரண்டும் மரங்களின் பெயர்கள்தான். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது எளிது என்பதை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் சில பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. கொமுட்டர் ரயிலில் வருபவர்கள் கெப்போங் சென்ட்ரலில் இறங்கி வாடகைக் கார் பிடிக்கலாம்.

வேகத்துக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். முதல் வாரம் 10 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் வாரம் 30 நிமிடம் வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. காலை ஏழு எட்டு மணிக்கே தொடங்குங்கள். பிற்பகலில் இடி மழை வரும். காற்று பலமாக அடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

2. செருப்பு வேண்டாம்; காலை மூடும் சப்பாத்தும் காலுறையும் போடுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் போடுமுன் சப்பாத்துக்குள் கையை விட்டு, கல் முள் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கொப்புளம், சிவப்பு, புண் எது இருந்தாலும் வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

3. இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. பையில் மிட்டாயோ சீனியோ இருக்கட்டும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள், உதவியும் கேளுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள்.

4. நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால் "கொஞ்சம் நடந்தா சரியாப் போயிடும்" என்று நடக்காதீர்கள். உட்காருங்கள், 999. இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள்.

5. அட்டைக்குப் பயப்பட நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை! நகத்தால் தள்ளி எடுத்துவிட்டு, கடிவாயைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் சற்று நேரம் வரும். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அவ்வளவுதான்.

6. காலில் புண் உள்ளவர்கள் ஓடையில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காய்ச்சல் பரவும். காட்டுக்குப் போய்வந்த பின் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

7. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டும் போகாதீர்கள்.

கெப்போங் எல்லாருக்கும் பக்கம் இல்லை என்பது தெரியும். சிலாங்கூர்க் கிளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் வைத்துப் போய் வரலாம். மற்ற மாநிலத் தோழர்கள் பக்கத்தில் இருக்கும் வனப் பூங்காவைக் கேட்டறியுங்கள். அதுவும் தூரம் என்றால் மாலையில் லயத்து வீட்டிலிருந்து கோவில் வரை போய் வாருங்கள். இடம் எதுவானாலும் நடை ஒன்றுதான்.

என் தாயாரை, புண் ஆறிய பிறகு, கெப்போங்குக்கு அழைத்துப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நடந்தார். ஒரு பெரிய மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். "கையில கத்தி இல்லாம மரத்துக்கிட்ட நிக்கிறது இதாண்டா எனக்கு மொத தடவ" என்றார். இப்போது நாள் தவறாமல் நடக்கிறார். போன விரல் திரும்பி வரவில்லை. மற்ற ஒன்பதும் பத்திரமாக இருக்கின்றன.

ஈயம் தோண்டிப் போட்ட மணலே நூறு ஆண்டில் காடாகிவிட்டது. அங்கேயும் ஒரே நாளில் வளரவில்லை. நட்டுவிட்டுத் தினமும் கவனித்தார்கள். உழைத்துத் தேய்ந்த உடம்புக்கும் அதே வைத்தியம்தான். சுவர் இருந்தால்தான் சித்திரம். இன்று சாயங்காலம் சாப்பிட்ட பிறகு, வீட்டில் இருக்கும் பெரியவரை நாற்காலியிலிருந்து எழுப்பி, கையைப் பிடித்துப் பத்து நிமிடம் நடத்திப் பாருங்கள்.