காந்த ஊசலும் ஒக்கி புயலும்

லேபில் நாம் ஆட்டுகிற ஊசல் ரொம்ப நல்ல பிள்ளை. நூல் 1 மீட்டர் என்றால் ஒரு முழு அலைவுக்குச் சுமார் 2 விநாடி. இழுத்து விடுகிற இடம் கொஞ்சம் மாறினால் விடையும் கொஞ்சம்தான் மாறும். அதே ஊசலுக்குக் கீழே மூன்று காந்தம் வைத்தால் கதையே வேறு!

நான் செய்து பார்த்த விதம் இதுதான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய மூன்று காந்தங்களை அட்டையில் முக்கோணமாக ஒட்டி, சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் பூசினேன். ஒரு இரும்பு நட்டைத் தங்கூசியில் கட்டி, காந்தத்தில் ஒட்டாதபடி சற்று மேலே தொங்கவிட்டேன். இழுத்து விட்டால் அங்குமிங்கும் அலைந்து, உராய்வில் வேகம் குறைந்து, கடைசியில் ஏதாவது ஒரு காந்தத்தின் பக்கம் நிற்கும்.

சிவப்புக்குப் பக்கத்தில் மெதுவாக விட்டால் எத்தனை தடவையானாலும் சிவப்புதான். தூரத்திலிருந்து விட்டால், ஒரே புள்ளி என்றுதான் நாம் நினைப்போம். ஒருமுறை நீலம், அடுத்தமுறை பச்சை! நியூட்டன் விதி எங்கும் மீறப்படவில்லை, பாத்துக்கிடுங்க. காந்த விசை தூரத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. அதனால் மயிரிழை வித்தியாசம்கூட ஆட ஆடப் பெருகிவிடுகிறது. இதுக்குப் பேர்தான் கேயாஸ்.

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு வானிலைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டினார். 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். முதலில் ஒட்டிப் போன இரண்டு கணக்கும் பிறகு சம்பந்தமே இல்லாமல் பிரிந்தன.

இனி நம்ம கடலுக்கு வருவோம். 2017 நவம்பர் 29-ல் தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையே குமரிக்கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்த நம் மாவட்டத்து மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

அப்படியானால் கேயாஸ் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? கூடாது. 1992 முதலே பெரிய வானிலை மையங்கள் தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றி ஒரே கணக்கைப் பல தடவை ஓட்டுகின்றன. நட்டை 20 தடவை விட்டு, எந்த நிறத்துக்கு எத்தனை என்று எண்ணுகிற அதே வேலை! எல்லாம் ஒரே பக்கம் போனால் உறுதியாகச் சொல்லலாம். பிரிந்தால் 'இத்தனை சதவீத வாய்ப்பு' என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் செய்தி படகுக்குப் போய்ச் சேரணுமே? கரையை விட்டுத் தூரம் போனால் செல்போன் எடுக்காது. 2019-ல் இன்காய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்குக் கொடுத்தது. படகிலிருந்து பதில் சொல்ல அதில் வழி இருக்கவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேணுமா? முதலில் நட்டையும் காந்தத்தையும் எடுத்து ஆட்டிப் பாருங்க!