மல்பெரித் தோட்டத்து மாவுப்பூச்சியும் அதனை அடக்கும் குளவியும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்களுக்கு மாவுப்பூச்சி புதியதன்று. குருத்தை முடக்கி 'டுக்ரா' என்னும் கேட்டை விளைவிக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியை அவர்கள் நெடுநாளாய் அறிவர். ஆனால் 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி வேறு இனமாகும். மெக்ஸிகோ தேசத்துக்குரிய இது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி முதலிய பயிர்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது.

பூச்சியின் இயல்பு: இதன் உடல் மஞ்சள் நிறமானது, மேலே வெண்மெழுகுப் பொடி மூடியிருக்கும். சிறகற்ற பெண்பூச்சி, பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். இது செடியின் சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவை வெளியிடும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். அத்தகைய இலை புழுவுக்கு உதவாது.

மருந்தினால் வரும் இடர்: மெழுகும் முட்டைப்பையும் பூச்சிக்கொல்லியைப் பெரிதும் தடுத்துவிடுகின்றன. மருந்தின் நஞ்சு மாறாத இலையைத் தின்னும் பட்டுப்புழுவோ மடிகிறது. பருத்திக்காரருக்கில்லாத இவ்விடர் மல்பெரிக்காரருக்கு உண்டு.

குளவி வந்த வரலாறு: பூச்சி இந்நாட்டிற்கு வந்தபோது அதன் இயற்கைப் பகைவர் உடன் வரவில்லை, அது மிதமிஞ்சிப் பெருகியதன் காரணம் இதுவே. அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் மெக்ஸிகோ நாட்டுக் குளவியை அமெரிக்க விவசாய இலாகா போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து வந்தது. அங்கிருந்து 2009-இல் இலங்கையும், 2010-இல் இந்தியாவும் இதனைத் தருவித்தன. பெங்களூரிலுள்ள மத்திய பூச்சியியல் ஸ்தாபனம் 2010 ஜூலையில் மூவினக் குளவிகளை வரவழைத்துச் சோதித்தது. அக்டோபரில் கோயம்புத்தூரில் அவை வெளியிடப்பட்டன. அவற்றுள் நன்கு நிலைபெற்றது இதுவே.

குளவியின் தொழில்: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இக்குளவி மனிதரைக் கொட்டாது, பட்டுப்புழுவையும் தீண்டாது. பெண்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்னும். பூச்சி பருத்து விறைத்துப் பழுப்பு நிறக் கூடாகும். இரண்டு மூன்று வாரங்களில் புதிய குளவி அக்கூட்டைத் துளைத்து வெளிவரும்.

குடியானவர் செய்யவேண்டியவை:

1. தாக்குதல் கண்டதும் பூச்சியின் உடல் நிறத்தைப் பார்க்கவேண்டும். இளஞ்சிவப்பாயின் இக்குளவியால் பயனில்லை. அதற்குக் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு தகும்.

2. துளையுள்ள பழுப்புக் கூடுகள் தென்பட்டால் குளவி வேலை செய்கிறது என்று அறிக. அப்போது மருந்து தெளிப்பது, கூலியின்றி உழைக்கும் ஆளைக் கொல்வதாகும்.

3. கூடுகள் மிகுந்த கொம்புகளை எரிக்கலாகாது. இப்பூச்சி முன்னமே தாக்கியுள்ள வேறு தோட்டத்துச் செடிகளில் அவற்றைக் கட்டிவிடலாம்.

4. தேன்கழிவை நாடிவரும் எறும்புகள் பூச்சிக்குக் காவலாய் நின்று குளவியை விரட்டும். எறும்புப் புற்றுகளை ஒழிக்கவேண்டும்.

5. வரப்பிலும் சாலையோரத்திலும் பார்த்தீனியம் முதலிய களைகளில் பூச்சி தங்கும். அவற்றை அகற்றுவது ஒருவரால் முடிவதன்று; கிராமம் முழுவதும் கூடிச் செய்யவேண்டும்.

ஒரு தோட்டத்தில் மருந்தடித்தால் அடுத்த தோட்டத்துக் குளவியும் குறையும். ஆகையால் கிராம உத்தியோகஸ்தர்கள் இச்செய்தியை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்து, பூச்சி காணப்பட்ட இடங்களைத் தாமதமின்றிப் பட்டு வளர்ச்சி இலாகாவுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.